வலிமை குறைந்த படைகளின் வெற்றிகளில் எது தலைசிறந்தது, அதை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி

சிறிய படை பெரிய படையை வென்ற போர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பெரும்பாலும் தலைகளை எண்ணுவதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. இத்தனை ஆயிரம் பேரை இத்தனை நூறு பேர் வென்றார்கள் என்றதும் வியப்பு எழுகிறது. அந்த எண்ணை எழுதிவைத்தவர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்று பார்ப்பவர்கள் குறைவு. கி.மு. 480இல் கிரேக்கத்தின் மீது படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்சசின் போர்வீரர்களைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 26 லட்சத்துக்கும் மேலாகக் கணக்கிடுகிறார். அந்தக் காலத்தில் அவ்வளவு பேருக்கு உணவும் குடிநீரும் அளித்து நடத்திச் சென்றிருக்க முடியாது என்பதால் இன்றைய வரலாற்றாசிரியர்கள் அந்த எண்ணை ஏற்பதில்லை. எண் சரியாகவே இருந்தாலும் அது மட்டும் போதாது. கி.மு. 216இல் கன்னே என்ற இடத்தில் தன் படையைவிடப் பெரிய ரோமானியப் படையைச் சூழ்ந்து வளைத்து ஒரே நாளில் அழித்த கார்த்தேஜின் தளபதி ஹானிபல், கி.மு. 202இல் சாமாவில் தோற்றார்; கார்த்தேஜும் போரை இழந்தது.

ஆகவே மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். வென்ற தரப்பு உண்மையிலேயே வலிமை குறைந்ததாக இருந்ததா? எதிரியின் முட்டாள்தனத்தால் அன்றி, தன் திறமையால் வென்றதா? வென்ற பிறகு அந்த வெற்றியால் என்ன விளைந்தது?

இந்த மூன்றுக்கும் நிறைவான விடை தருவது 1597 அக்டோபர் 26 அன்று கொரியாவின் தென்மேற்கு முனையில், படையெடுத்து வந்த ஜப்பானியருக்கு எதிராகக் கொரியர் நடத்திய மியோங்னியாங் கடற்போர் என்பது என் எண்ணம். அந்த ஆண்டின் தொடக்கத்தில், பொறி என்று தான் ஐயுற்ற ஒரு தாக்குதலை நடத்த மறுத்ததற்காகத் தளபதி யி சுன் சின் பதவி பறிக்கப்பட்டு, சிறையில் வதைக்கப்பட்டு, சாதாரணப் படைவீரராகத் தாழ்த்தப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த வோன் கியூன், சில்ச்சோல்லியாங்கில் ஏறத்தாழ முழுக் கடற்படையையும் பறிகொடுத்து, தானும் இறந்தார். அங்கிருந்து தப்பியவை 12 கப்பல்கள். மீண்டும் பொறுப்பேற்ற யியிடம், கடற்படையைக் கலைத்துவிட்டுத் தரைப்படையோடு சேர்ந்துகொள்ளுமாறு மன்னர் சொன்ஜோ கூறியபோது, தம்மிடம் இன்னும் 12 கப்பல்கள் இருக்கின்றன என்று அவர் எழுதிய மறுமொழியைக் கொரியாவில் இன்றும் குழந்தைகள்கூட அறிவார்கள்.

போரன்று அவரிடம் 13 கப்பல்கள் இருந்தன. எதிரே வந்த ஜப்பானியப் போர்க்கப்பல்கள் 133 என்று அவருடைய நாட்குறிப்பே சொல்கிறது. ஜிந்தோ தீவுக்கும் ஹேனாம் நிலப்பகுதிக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் அகலமே உள்ள நீரிணையை அவர் தெரிந்தெடுத்தார். அங்கே நீரோட்டம் மணிக்கு 10 கடல் மைல் வேகத்தைத் தொடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். 133 கப்பல்களும் ஒன்றாக நுழைய முடியாத வாசல் அது. ஜப்பானியர் பெருங்கப்பல்களை வெளியே நிறுத்திவிட்டு நடுத்தரக் கப்பல்களையே உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களுடைய முறை, அருகே வந்து எதிரிக் கப்பலின் மேல் ஏறி வாளால் போரிடுவது. கொரியரின் பனோக்சன் கப்பல்களோ உயர்ந்த பக்கங்களும் தட்டையான அடிப்பகுதியும் கொண்டவை. நின்ற இடத்திலேயே திரும்பி, தொலைவிலிருந்து பீரங்கியால் சுடக்கூடியவை. நீரோட்டம் திரும்பியபோது நெருக்கியடித்து நின்ற ஜப்பானியக் கப்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதத் தொடங்கின. எதிரியின் 31 கப்பல்கள் உடைக்கப்பட்டதாக யி குறித்திருக்கிறார். குருஷிமா மிச்சிஃபுசா என்ற ஜப்பானியத் தளபதி கொல்லப்பட்டார். கொரியர் தரப்பில் ஒரு கப்பலும் மூழ்கவில்லை.

இதைவிட உயர்ந்த வெற்றி எது என்று கருதுகிறீர்கள்? வெறும் பெயர்களை மட்டும் சொல்லாமல் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மறுமொழி

மியோங்னியாங் ஒரு மாபெரும் வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீங்கள் வைத்த மூன்றாவது கேள்விக்கு அது முழுமையான விடை தருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கடற்போருக்குச் சில நாட்கள் முன்பே, தலைநகர் நோக்கி வந்த ஜப்பானியத் தரைப்படையை ஜிக்சானில், கொரியாவுக்குத் துணையாக வந்த சீனாவின் மிங் பேரரசுப் படை தடுத்துவிட்டது. வடக்கு நோக்கிய முன்னேற்றம் அங்கேயே தளர்ந்தது. மியோங்னியாங்கில் வென்ற யி சுன் சின்னும் அந்த நீரிணையைக் காத்து நிற்கவில்லை. மேற்குக் கரையோரமாக வடக்கே பின்வாங்கிச் சென்றார். அவர் விட்டுச்சென்ற கரையோர ஊர்கள் சூறையாடப்பட்டன. அடுத்த சில வாரங்களில், அசானில் இருந்த அவருடைய மூன்றாவது மகன் ஜப்பானிய வீரர்களால் கொல்லப்பட்டார். ஒரு நாளின் போர்த்திறன் என்ற அளவில் அதை முதலிடத்தில் வைக்கலாம். ஒரு போரையே முடித்துவைத்த வெற்றி என்று சொல்ல இயலாது.

என் தெரிவு, வியத்நாமில் 1954இல் நடந்த தியன் பியன் பூ போர். ஹனோயிலிருந்து 300 கிலோமீட்டர் அளவு தொலைவில், லாவோஸ் எல்லைக்கு அருகே, மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை வான்வழியாக வந்து இறங்கி அரண் அமைத்தது. அங்கே வியத்நாமியர் திரண்டு வந்தால் பீரங்கியாலும் விமானத்தாலும் அவர்களை நசுக்கிவிடலாம் என்பது பிரெஞ்சுத் தலைமையின் கணக்கு. அந்த மலைகளின் மேல் கனரகப் பீரங்கிகளை ஏற்ற முடியாது, ஏற்றினாலும் அவற்றுக்குக் குண்டு கொண்டுவந்து சேர்க்க முடியாது என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தக் கணக்கு முழுவதும் நின்றது.

வியத்நாமியத் தளபதி வோ நுயென் யாப்பின் வீரர்கள் அந்தப் பீரங்கிகளைக் கயிறு கட்டிக் கையால் இழுத்து ஏற்றினார்கள். பள்ளத்தாக்கை நோக்கிய சரிவுகளில் குகைபோலக் குடைந்து, சுடும் வாய் மட்டும் வெளியே தெரியும்படி உள்ளே நிறுத்தினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுமைதூக்குவோர் அரிசியும் குண்டுகளும் கொண்டுவந்தனர். கைப்பிடியில் மூங்கில் கழி கட்டி வலுப்படுத்திய மிதிவண்டி ஒன்றில் 200 கிலோவுக்கும் மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

ஆனால் நான் இவ்வெற்றியை உயர்த்திப் பிடிப்பதற்கு இவை எல்லாவற்றையும்விட முதன்மையான காரணம் வேறு. 1954 ஜனவரி இறுதியில் வேகமான தாக்குதலுக்கு எல்லாம் ஆயத்தமாகிவிட்ட நிலையில், யாப் அதை நிறுத்தினார். சீன ஆலோசகர்களும் தம் தளபதிகள் பலரும் விரைவான தாக்குதலையே விரும்பினார்கள். வீரர்கள் உயிரைக் கொடுத்து ஏற்றிய பீரங்கிகளை மீண்டும் இறக்க வேண்டும் என்ற கட்டளையைக் கேட்டு அவர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவசரப்பட்டால் படை அழியும் என்று கணித்து, ஆறு வாரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, மார்ச் 13 அன்றுதான் அவர் தொடங்கினார். எதிரியின் பீரங்கிகளை அடக்கிவிடுவோம் என்று உறுதி கூறியிருந்த பிரெஞ்சுப் பீரங்கிப் படைத் தலைவர் கர்னல் பிரோத், இரண்டே நாட்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மாத இறுதிக்குள் விமான ஓடுதளம் பயனற்றுப் போயிற்று. மே 7 அன்று கோட்டை வீழ்ந்தது. மறுநாள் ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சுவார்த்தை தொடங்கியது. போர்க்களத்தின் முடிவு மாநாட்டு மேசையில் இவ்வளவு உடனடியாக எதிரொலித்த நிகழ்ச்சி வரலாற்றில் அரிது.

இரண்டாம் மறுமொழி

தியன் பியன் பூவில் முற்றுகையிட்ட வியத்நாமியர் ஏறத்தாழ 50,000 பேர். உள்ளே இருந்த பிரெஞ்சுத் தரப்பினர் எல்லாரையும் கூட்டினாலும் 16,000 அளவில்தான் வருவர். பீரங்கிகளையும் பயிற்சியையும் சீனா அளித்தது. இதைச் சொல்வது அந்த வெற்றியைக் குறைப்பதற்காக அல்ல. களத்தில் நின்ற தலைகளை எண்ணினால் வியத்நாமியர் வலிமை குறைந்தவர்கள் அல்லர்; பேரரசுக்கு எதிராக எழுந்த ஒரு குடியேற்ற நாட்டு மக்கள் என்ற நிலையில்தான் வலிமை குறைந்தவர்கள். அந்த இரண்டாவது அளவுகோலை ஏற்பதானால், 1896 மார்ச் 1 அன்று நடந்த அத்வாப் போரை முதலில் வைக்க வேண்டும்.

எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருந்தனர். இத்தாலியத் தளபதி பராத்தியேரியிடம் இத்தாலியரும், அவர்களுக்காகப் போரிட்ட உள்ளூர்ப் படையினரான எரித்திரிய அஸ்காரி வீரர்களுமாக 18,000க்குச் சற்றுக் குறைவானவர்களும் 56 பீரங்கிகளும் இருந்தன. எண்ணிக்கை எத்தியோப்பியாவின் பக்கம் என்பதால் இதை எளிய வெற்றி என்று ஒதுக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கவனிக்காதது, அந்த ஒரு லட்சம் பேர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை. மாட்டுக் கொள்ளைநோயும் பஞ்சமும் நாட்டைச் சூறையாடி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒருவரோடு ஒருவர் போரிட்டுவந்த வட்டாரத் தலைவர்களை ஒரே கொடியின் கீழ்க் கொண்டுவர வேண்டியிருந்தது. ஐரோப்பிய நாடுகளிடமிருந்து, இத்தாலியிடமிருந்தேகூட, பல ஆண்டுகளாகத் துப்பாக்கிகளை வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. முறையான உணவு வழங்கல் துறை இல்லாத படை, தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து வடக்கு எல்லை வரை மாதக்கணக்கில் நடந்து வந்தது. வழியில் மெகெல்லேயில் இத்தாலியர் கோட்டையை நேராகத் தாக்கிப் பலரை இழந்த பிறகு, பேரரசி தைத்துவின் திட்டப்படி அதன் குடிநீர் வழியை அடைத்ததால் உள்ளிருந்தவர்கள் சரணடைந்தனர்.

எதிரியின் பிழையால் வென்றார்களா என்ற கேள்வி இங்கே கட்டாயம் எழும். பராத்தியேரியின் நான்கு படைப்பிரிவுகள் இரவில் மலைப்பாதைகளில் நடந்து விடியலுக்குள் குறித்த இடங்களை அடைய வேண்டும் என்பது திட்டம். வரைபடம் தவறாக இருந்தது. அல்பெர்த்தோனேயின் பிரிவு குறித்த குன்றைத் தாண்டி வெகுதொலைவு முன்னே சென்று தனியாக மாட்டிக்கொண்டது. மற்றப் பிரிவுகள் ஒன்றுக்கொன்று உதவ முடியாமல் தனித்தனியே நொறுங்கின. ஆனால் பராத்தியேரி அந்த அவசர முடிவுக்கு ஏன் வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அவரிடம் சில நாட்களுக்கான உணவே மீதி இருந்தது. ரோமிலிருந்து தலைமையமைச்சர் கிறிஸ்பி தந்தி மூலம் கடிந்துகொண்டிருந்தார். மெனெலிக்கின் படையிலும் உணவு தீர்ந்துகொண்டுதான் இருந்தது. இரு தரப்பும் பசியோடு காத்திருந்த அந்த நாட்களில், முதலில் பொறுமை இழந்தது இத்தாலி. எதிரி பிழை செய்யும் வரை காத்திருப்பதும் படைத்தலைவருக்குரிய திறமையே.

விளைவைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரே நாளில் இத்தாலியத் தரப்பில் 6,000 பேருக்குக் குறையாமல் மடிந்தனர். கிறிஸ்பியின் அரசு சில நாட்களில் வீழ்ந்தது. எத்தியோப்பியாவைத் தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு என்று உரிமை கொண்டாடிய இத்தாலி, அதே ஆண்டு அக்டோபரில் அடிஸ் அபாபா உடன்படிக்கையில் அதன் முழுச் சுதந்திரத்தை ஏற்றுக் கையெழுத்திட்டது. ஆப்பிரிக்காவை ஐரோப்பியர் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வேறெந்த ஆப்பிரிக்க நாடும் இதைச் சாதிக்கவில்லை.

மறைக்கக்கூடாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பிடிபட்ட எரித்திரிய அஸ்காரிகளில் பல நூறு பேருக்குத் துரோகிகள் என்ற பெயரில் வலக்கையும் இடக்காலும் வெட்டப்பட்டன. பிடிபட்ட இத்தாலியர்கள் அவ்வாறு தண்டிக்கப்படவில்லை. அத்வாவைக் கொண்டாடும் எவரும் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மறுமொழி

நம் பக்கத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் குளச்சல் போரைச் சொல்லாமல் இருப்பதில்லை. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் என்பதால் எனக்கும் அந்தப் பெருமிதம் உண்டு. 1741இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கி, இரணியல் வரை பிடித்து, பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தபோது, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அதை மீண்டும் கடற்கரைக்கே விரட்டி முற்றுகையிட்டார். வெடிமருந்துக் கிடங்கில் தீப்பற்றிய பிறகு ஆகஸ்டில் அவர்கள் சரணடைந்தனர்.

ஆனால் இதை வலிமை குறைந்த படையின் வெற்றி என்ற தலைப்பில் அடக்குவதற்கு நான் தயங்குகிறேன். குளச்சலில் இருந்த டச்சுக்காரர்கள் சில நூறு பேர்தான். திருவிதாங்கூர்ப் படை அதைப் போலப் பன்மடங்கு பெரியது. அதே காலத்தில் ஜாவாவில் மூண்ட போரால் அங்கிருந்த தம் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து அவர்களுக்குத் துணைப்படை வரவும் வழியில்லாமல் போயிற்று. உலகளாவிய ஒரு கம்பெனியைச் சிறு அரசு வென்றது உண்மை. அந்தக் கம்பெனியின் சிறு பகுதி மட்டுமே அன்று குளச்சலில் நின்றது என்பதும் உண்மை.

எனக்குக் குளச்சலில் வியப்பளிப்பது வெற்றிக்குப் பின் நடந்தது. சரணடைந்தவர்களில் ஒருவரான டி லனாயை மார்த்தாண்ட வர்மா தம் பணியில் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் படையைப் பயிற்றுவிக்கவும் கோட்டைகளை வலுப்படுத்தவும் பயன்படுத்தினார். அந்தப் படையைக் கொண்டே திருவிதாங்கூர் வடக்கே விரிந்தது. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையோடு டச்சுக்காரர்கள் அதன் அரசியலில் தலையிடுவதைக் கைவிட்டனர். டி லனாய் 1777இல் இறக்கும் வரை இங்கேயே இருந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதை அந்தப் பக்கம் செல்பவர்கள் பார்க்கலாம். தோற்ற எதிரியின் அறிவைத் தன்னுடையதாக்கிக்கொண்ட மன்னர்களின் வரிசை ஒன்று தொகுத்தால் அதில் மார்த்தாண்ட வர்மாவை முன்னணியில் வைப்பேன். மியோங்னியாங் இருக்கும் வரிசையில் குளச்சலை வைக்கமாட்டேன்.

நான்காம் மறுமொழி

பின்லாந்தை ஒருவரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. 1939 டிசம்பரிலும் 1940 ஜனவரித் தொடக்கத்திலும் சுவோமுஸ்சல்மியில் கர்னல் சீலாஸ்வுவோவின் தலைமையில் போரிட்ட பின்லாந்துப் படை, தன் நாட்டின் மீது படையெடுத்து வந்த இரண்டு சோவியத் டிவிஷன்களை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்தது. காட்டின் நடுவே ஒற்றைச் சாலையில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக நின்ற எதிரியை, பனிச்சறுக்குப் பலகைகளில் வந்த வீரர்கள் பக்கவாட்டில் துண்டு துண்டாக அறுத்தார்கள். களச் சமையலறைகளைக் குறிவைத்துத் தாக்கி, உறைபனியில் சூடான உணவும் கிடைக்காமல் செய்தார்கள். கேள்வி கேட்டவர் வைத்த முதல் இரண்டு அளவுகளில் இதற்கு நிகர் குறைவு. மூன்றாவதில்தான் சிக்கல்: 1940 மார்ச் உடன்படிக்கையில் பின்லாந்து கரேலியாவின் பெரும்பகுதியை இழந்தது, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். ஆயினும் நாடு நாடாகவே எஞ்சியது. பால்டிக் கரையின் மற்ற மூன்று நாடுகளும் அதே 1940இல் விழுங்கப்பட்டதை ஒப்பிட்டால், பின்லாந்து இழந்ததைக் கொண்டு மட்டும் அந்த வெற்றியை அளப்பது நியாயமாகாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. அத்வா பற்றி எழுதியவரின் வாதம் என்னை மிகவும் ஈர்த்தது. நாட்டின் விதியை மாற்றியதை மட்டும் அளவாகக் கொண்டால் அதற்கே முதலிடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மியோங்னியாங்கைப் பற்றிய மறுப்புக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

ஜிக்சானில் தரைப்படை தடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் தடுக்கப்பட்ட படைக்கு மஞ்சள் கடல் வழியாக உணவும் ஆட்களும் வந்து சேர்ந்திருந்தால் அது மீண்டும் முன்னேற முயன்றிருக்கும். முதல் படையெடுப்பிலும் ஜப்பானின் ஆட்சியாளர் தொயோதோமி ஹிதேயோஷியின் படைகள் தரையில் பியோங்யாங் வரை சென்றும் அங்கே நிலைக்க முடியாமல் போனதற்கு, கடல்வழி வழங்கலை யி அறுத்துவிட்டதும் ஒரு பெரிய காரணம். இரண்டாம் முறையும் அந்த மேற்குக் கடல் வழி ஜப்பானியருக்கு நிலையாகத் திறக்கவில்லை. தரையிலும் கடலிலும் ஒரே மாதத்தில் வாசல்கள் அடைபட்டதால்தான் அவர்கள் தெற்குக் கரைக் கோட்டைகளுக்குத் திரும்பினார்கள் என்று பார்ப்பதே பொருத்தம்.

பின்வாங்கியதைப் பற்றி: 13 கப்பல்களோடு அந்த நீரிணையில் அவர் தொடர்ந்து நின்றிருந்தால், அடுத்த நாள் நீரோட்டத்தை அறிந்துகொண்ட எதிரி வேறு வழியாக வந்து சூழ்ந்திருப்பான். யாப் தாக்குதலை நிறுத்தியதற்கு நீங்கள் அளிக்கும் மதிப்பை, வென்ற உடனே பின்வாங்கிய யிக்கும் அளிக்க வேண்டாமா? காப்பாற்றிய அந்தச் சிறு கடற்படையைச் சுற்றித்தான் அவர் குளிர்காலம் முழுவதும் புதிய கப்பல்களைக் கட்டினார், மீனவரையும் அகதிகளையும் திரட்டினார். 1598 டிசம்பரில் நோரியாங்கில் மிங் கடற்படையோடு சேர்ந்து, நாடு திரும்ப முயன்ற ஜப்பானியக் கப்பல்களை மறித்து நொறுக்கியது அவ்வாறு மீண்டும் வளர்ந்த கடற்படைதான். அந்தப் போரில் அவர் குண்டு பாய்ந்து இறந்தார்.

மேலும் மியோங்னியாங்கில் படைகளின் எண்ணிக்கையைவிட என்னைத் தடுத்து நிறுத்தும் செய்தி ஒன்று அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. போர் தொடங்கியபோது அவருடைய தலைமைக் கப்பல் மட்டுமே முன்னே சென்று நங்கூரமிட்டு நின்றது. மற்றக் கப்பல்கள் அச்சத்தில் தொலைவிலேயே தயங்கின. சில்ச்சோல்லியாங்கின் பேரழிவைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். தலைமைக் கப்பல் தனியாகச் சுட்டுத் தாக்குப்பிடித்து நின்ற பிறகு, கொடி காட்டி அழைத்தும், ஆன் வி என்ற கப்பல் தலைவரைப் பார்த்து, படைச் சட்டத்தால் சாக விரும்புகிறாயா, ஓடினால் எங்கே பிழைப்பாய் என்று உரத்துக் கேட்டுமே அவர் மற்றவர்களைப் போருக்குள் கொண்டுவந்தார். ஆகவே போரின் முதற்கட்டத்தில் இருந்த வேறுபாடு 133க்கு 13 அல்ல, 133க்கு ஒன்று. மற்ற எந்தப் போரிலாவது தலைவர் தன் சொந்தப் படையின் அச்சத்தையும் எதிரியையும் ஒரே வேளையில் இப்படி எதிர்கொண்டு வென்றிருந்தால், அதைப் பற்றி அறிந்தவர்கள் எழுதுங்கள்.